வங்குச் சிலந்தியா, குற்றிதழ்ச் சிலந்தியா?

அன்புடையீர், வணக்கம்.

மண்ணில் குடைந்து வாழும் பெருஞ்சிலந்திகளான கைலோபிராக்கிஸ் என்னும் பேரினத்துக்கு ‘வளைச் சிலந்தி’ எனப் பெயரிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. ‘எலி வளையானாலும் தனி வளை’ என்று நாவில் பழகிய சொல்தான். ஆயினும் வேலூர் வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர் காதில் அது ‘வலைச் சிலந்தி’ என்றே விழும். எங்கள் வடார்க்காட்டு வரப்புகளில் எலியும் நண்டும் குடியிருக்கும் துளையை வங்கு என்போம். ஜவ்வாது மலையடிவாரத்தில், மழை விட்ட மாலையொன்றில், மண்சரிவில் ஒரு சிலந்தி வங்கைக் குனிந்து பார்த்தேன்: கட்டைவிரல் நுழையும் வாய்; உட்சுவரை மூடிய வெண்ணிற நூற்படலம் விளிம்பைத் தாண்டி ஈரமண்மீதும் படிந்திருந்தது; கைவிளக்கின் ஒளி பட்டதும் இரண்டு கால் நுனிகள் உள்ளே மறைந்தன. ‘வங்குச் சிலந்தி’ என்றால் அதைக் கண்ட எவருக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பெயரையும் பேரினத்துக்குச் சூட்டக்கூடாது என்பதே என் வாதம். வங்கு வாழ்முறையைச் சொல்கிறது. வகைப்பாடோ உடலமைப்பைப் பார்க்கிறது. ஹாப்ளோகிளாஸ்டஸ் வாலிடஸ் என்னும் பெருஞ்சிலந்தியும் வங்கில் வாழ்வதுதான், எனினும் அது வேறு துணைக்குடும்பம். 1892இல் விலங்கியலார் கார்ஷ் நிறுவிய கைலோபிராக்கிஸ், செலனோகாஸ்மியினே துணைக்குடும்பத்தில் வைக்கப்படுவதற்கு அது தோண்டும் குழி காரணமன்று. வாயருகே உள்ள சிறுகாலான உணர்காலின் அடித்துண்டில், தாடையை நோக்கிய பக்கத்தில், வரிசையாக நிற்கும் தடித்த மயிர்களும், அவற்றோடு உராயுமாறு தாடையின் வெளிப்புறத்தில் அமைந்த முள்மயிர்களும் முக்கியமான அடையாளங்கள். சீண்டினால் இவற்றை உரசிச் சீறொலி எழுப்பும். உணர்காலில் உள்ள மயிர்த்தொகுதியை அறிவியலார், யாழ் போன்ற நரம்பிசைக் கருவியின் பெயரால், லைரா என்கின்றனர். ‘யாழ்மயிர்’ என்று நாம் தயங்காமல் சொல்லலாம்.

ஆகவே வங்குச் சிலந்தி என்பது மண்ணில் குடைந்து வாழும் பெருஞ்சிலந்திகள் அனைத்துக்கும் பொதுப்பெயராகட்டும். கைலோபிராக்கிஸ் பேரினத்துக்கு, அப்பெயரின் கிரேக்க மூலத்தில் இதழையும் குறுமையையும் குறிக்கும் பகுதிகளைக் கொண்டு, ‘குற்றிதழ்ச் சிலந்தி’ என்பதை முன்வைக்கிறேன். குற்றியலுகரம் படித்தவர்க்கு இந்தப் புணர்ச்சி புதிதன்று.

‘பொந்துச் சிலந்தி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அச்சொல்லை மரவாழ்விகளுக்கே விட்டுவைக்க வேண்டுகிறேன். 1899இல் விலங்கியலார் போகாக் நம் அரக்கோணத்து மாதிரியைக் கொண்டு விவரித்த பொசிலோதீரியா ரீகாலிஸ் என்னும் பெருஞ்சிலந்தி மரப்பொந்தில் வாழ்வது; அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.