பறக்கக் கற்பதற்கு முன்பே பழைய விமானம் வாங்கலாமா? வடசென்னைக்காரர்களின் அனுபவங்கள்

வியாசர்பாடியிலிருந்து:

என் அக்கா மகன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் வேலை பார்க்கிறான். நாங்கள் குடும்பத்தோடு அங்கே போயிருந்த சமயம், செஸ்னா 152 என்ற ஒரு பழைய இரண்டு சீட் விமானத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தான். பயிற்சிக்கு இன்னும் ஒரு நாள்கூடப் போகவில்லை. "மாமா, வாடகை விமானத்தில் கற்றுக்கொண்டால் மணிக்கு இவ்வளவு என்று போய்க்கொண்டே இருக்கும். சனி ஞாயிறில் விமானமே கிடைக்காது. சொந்தமாக வாங்கி அதிலேயே கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வந்ததும் விற்றுவிட்டால் போட்ட காசில் பெரும்பகுதி திரும்பிவிடும்" என்றான்.

கணக்கு தப்பில்லை. அந்த ஊர்ச் சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. லைசென்ஸ் உள்ள இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் சம்மதித்தால் உங்கள் விமானத்திலேயே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இன்ஸ்ட்ரக்டரோடு சேர்த்து வாடகைக்கு விடும் விமானம் என்றால் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை செய்தாக வேண்டும். சொந்த விமானத்தில் கற்பவருக்கு அது கட்டாயமில்லை, வருடாந்திரச் சோதனை மட்டும் கட்டாயம். பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அநேகம் பேருக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகிறது.

நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். விமானம் தெரியாது, ஆனால் உலோகம் தெரியும். அதனால் பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

கால்வெஸ்டன் பக்கம், கடலை ஒட்டிய சின்ன ஏர்ஃபீல்டு. 1979 மாடல் விமானம், பெயின்ட் பளபளவென்று இருந்தது. விற்பவர் நல்ல மனுஷர், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். "இன்ஜினை முழுக்கப் பிரித்து ஓவர்ஹால் செய்து 900 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது, இன்னும் 1500 மணி நேரம் இருக்கிறது" என்றார். அதிலிருக்கும் லைகமிங் இன்ஜினுக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் 2400 மணி நேரம். அந்த வகையில் அவர் சொன்னதும் பொய்யில்லை.

அக்கா மகன் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்திருந்தான். விற்பவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மெக்கானிக்கைத் தன் செலவில் வரவழைத்திருந்தான். அவர் வந்ததும் விமானத்தைத் தொடவே இல்லை. ஒரு மேஜையைப் போட்டு லாக் புக்குகளை விரித்து உட்கார்ந்துவிட்டார். விமானத்தின் உடலுக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, புரொப்பெல்லருக்கு ஒன்று. இன்ஜின் புத்தகத்தில் வருஷாவருஷம் சோதனை நடந்த தேதியும், அன்றைக்கு மீட்டர் காட்டிய மணியும் எழுதியிருந்தன. ஒரு வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் நடுவே ஆறு மணி நேரம். அதற்கடுத்து நாலு. கடைசி எட்டு வருஷமும் இதே கதைதான். "மணியை மட்டும் பார்க்காதீர்கள், வருஷத்தையும் பாருங்கள். இந்த இன்ஜினுக்கு 12 வருஷம் என்றும் ஒரு வரம்பு சொல்லியிருக்கிறார்கள்" என்றார். சொந்த உபயோகத்துக்கு ஓட்டுபவரை அந்த வரம்பு சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் உலோகம் சட்டத்தைப் பார்த்துத் துருப்பிடிப்பதில்லை.

லைகமிங் இன்ஜினில் வால்வுகளைத் திறந்துவிடும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன் சுழற்றும் கிராங்குக்கு மேலே இருக்கிறது. ஓடாமல் நின்றால் ஆயில் எல்லாம் வடிந்து கீழே போய்விடும், மேலே இருக்கும் கேம் காய்ந்துபோகும். உள்ளே இருக்கும் ஈரம் அதில் துருவைக் கிளப்பிவிடும். அப்புறம் என்றைக்காவது ஸ்டார்ட் செய்தால், அந்தத் துருப்பள்ளத்தின் மேலேயே, கேம் தள்ளிவிடும் டாப்பெட் என்ற துண்டு உரசி ஓடும்.

அடுத்து கம்ப்ரெஷன் சோதனை. இன்ஜினைச் சூடாக்கிவிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று கொடுத்து எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தார். மூன்று சிலிண்டரில் எழுபதுக்கு மேல் நின்றது, நான்காவதில் 56. என்னைக் கூப்பிட்டு எக்ஸாஸ்ட் குழாயில் காதை வைக்கச் சொன்னார். 'உஸ்ஸ்' என்று காற்று தெளிவாகக் கேட்டது. இங்கே கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங் என்றார்.

ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே மடித்து வைத்திருக்கும் காகிதத்தை வெள்ளைத் துணிமேல் பிரித்துப் போட்டார். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் கறுப்பாக, செதில் செதிலாக ஒட்டிக்கொண்டு வந்தது. அலுமினியம் என்றால் காந்தத்தில் ஒட்டாது. வந்தது கடினப்படுத்திய எஃகு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் மினுக்கியது. வாழ்நாள் முழுக்க உலோகச் சீவலைப் பார்க்கிறவன் நான், கேம் உதிர்கிறது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேமைப் பார்க்க வேண்டுமென்றால் இன்ஜினையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். அந்தச் செலவு, விமானத்துக்குக் கேட்ட விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். இறக்கையிலும் ரிவெட் ஓரங்களில், பெயின்ட்டுக்கு அடியில் நெளிநெளியாக மெல்லிய கோடுகள். உப்புக் காற்றின் வேலை.

மறுநாள் இன்ஸ்ட்ரக்டர் ஒருவரைப் பார்த்தோம். அவர் இன்ஜினைப் பற்றிப் பேசவே இல்லை. "உன் எடை எவ்வளவு?" என்று கேட்டார். இவன் 95 கிலோ, அவர் 88. செஸ்னா 152 அதிகபட்சம் 757 கிலோவோடுதான் கிளம்பலாம். இந்த விமானத்தின் வெற்று எடை ஏறக்குறைய 522 கிலோ. டேங்க் நிரப்பினால் பெட்ரோல் மட்டும் 67 கிலோ. இருவருக்கும் சேர்த்து மிச்சம் 168 கிலோ. ஆக, இரண்டு பேர் ஏறினால் டேங்கை நிரப்பவே முடியாது. பறப்பதற்குப் பாதி டேங்க்கூடப் போதும்தான், ஆனால் தூரப் பயிற்சிக்குப் போகும்போது ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பெரம்பூரிலிருந்து:

நான் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலையில் பெரம்பூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடித்து மீனம்பாக்கம் போன காலம் அது. ஒருநாள் நம்ம பக்கத்து வியாபாரி ஒருவர் மகனோடு வந்தார். மகனுக்கு வயது பதினேழோ என்னவோ. வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய செஸ்னாவை இறக்கிவிட்டால் பையன் அதிலேயே கற்றுக்கொள்வான் என்று அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். அவரை உட்காரவைத்து எடுத்துச் சொன்னேன்.

அண்ணன் சொன்ன அமெரிக்கச் சட்டம் இங்கே செல்லாது. இங்கே பயிற்சி என்றால் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த பள்ளியில், அந்தப் பள்ளிக்கு அனுமதி உள்ள விமானத்தில்தான். பழைய விமானத்தை இறக்குமதி செய்ய டிஜிசிஏ அனுமதி வேண்டும். அதற்கு விமானத்தின் வயதையும் ரெக்கார்டையும் பார்ப்பார்கள், நாற்பது வருஷத்து விமானத்துக்கு லேசில் கிடைக்காது. அப்புறம் சுங்கம், விடி என்று தொடங்கும் பதிவு எண், பறக்கத் தகுதிச் சான்றிதழ், வருஷாவருஷம் அதைப் புதுப்பிப்பது, ஒவ்வொரு வேலைக்கும் லைசென்ஸ் பெற்ற இன்ஜினியரின் கையெழுத்து. இத்தனையும் முடித்தாலும் பையன் பள்ளியின் விமானத்தில் பறந்துகொண்டிருப்பான், வாங்கிய விமானம் வெயிலில் காயும்.

எரிபொருளையும் சொல்ல வேண்டும். மணலியிலிருந்து மீனம்பாக்கத்துக்குக் குழாயில் போவது ஜெட் எரிபொருள், மண்ணெண்ணெய் ஜாதி. பெட்ரோல் இன்ஜின் செஸ்னாவில் அதை ஊற்றினால் இன்ஜின் போய்விடும். இதற்கு ஏவ்காஸ் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் வேண்டும், நீல நிறத்தில் இருக்கும். 2022 வரை அது முழுக்க வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. அந்த வருஷம்தான் இந்தியன் ஆயில் குஜராத்தில் தயாரிக்க ஆரம்பித்தது. எல்லா ஏர்போர்ட்டிலும் கிடைக்காது.

அவரிடம் நான் முதலில் சொன்னது, பையனுக்கு முதலில் பைலட்டுக்கான உடல் பரிசோதனை, அதாவது கிளாஸ் 2 மெடிக்கல் எடுங்கள் என்பதுதான். கண்ணில் நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பையன் தேறினான். அவரும் விமானத்தை விட்டுவிட்டுப் பள்ளியில் பணம் கட்டினார்.

ராயபுரத்திலிருந்து:

பெரம்பூர் சார் மெடிக்கலை முதலில் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் சித்தப்பா மகன் நியூஜெர்சியில் இருக்கிறார். பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஓடிய பைப்பர் வாரியர் விமானத்தை வாங்கினார். மெடிக்கலுக்கு அதற்குப் பிறகுதான் போனார். தூக்கத்தில் மூச்சு திணறும் பிரச்சினை இருப்பதைச் சொன்னதும், முடிவு சொல்லாமல் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட் மேல் ரிப்போர்ட் கேட்டு, கடைசியில் தேற்றிவிட்டார்கள். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. நிறுத்துமிட வாடகையும் இன்ஷூரன்ஸும் மட்டும் நிற்கவில்லை.

அவர் எச்-1பி விசாக்காரர். அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோதான் அங்கே நேரடியாகத் தன் பெயரில் விமானத்தைப் பதிய முடியும். அதனால் ஒரு டிரஸ்ட் வழியாகப் பதிந்து அதற்கு வருஷக் கட்டணம் கட்டுகிறார். குடிமகன் இல்லாதவர் பயிற்சி தொடங்கவே, அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏவின் அனுமதியும் வேண்டும், கிரீன் கார்டு இருந்தாலும் வேண்டும்.

இன்னொன்று, பைப்பர் வாங்குகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. 2018 ஏப்ரலில் புளோரிடாவின் டேடோனா பீச்சில் ஒரு பைப்பர் பயிற்சி விமானத்தின் இறக்கை வானத்திலேயே கழன்று இரண்டு பேர் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கும் சட்டத்தில், போல்ட் துளை ஓரத்தில் உலோகம் களைத்து விரிசல் விட்டிருந்தது. அதற்குப் பிறகு அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ ஒரு உத்தரவு போட்டது. எந்த விமானத்தின் துளைகளைச் சோதிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்ய, அது எத்தனை 100 மணிச் சோதனை பார்த்திருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கிறார்கள். பள்ளியில் ஓடிய விமானம் அந்தச் சோதனைகளை அதிகம் பார்த்திருக்கும், ஆகவே சீக்கிரம் மாட்டும். நம்மவருடையது மாட்டியது. நல்லவேளை, துளை சுத்தமாக இருந்தது.

காசிமேட்டிலிருந்து:

விமானம் பற்றி ஒன்றும் தெரியாது, இன்ஜின் என்றதும் படித்தேன். ஏப்ரல் 15லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் போட்டுகள் கட்டியே கிடக்கும். இடையிடையே இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி வைப்போம், இல்லாவிட்டால் கிளம்புகிற அன்று மக்கர் பண்ணும். விமானத்தையும் அப்படித் தரையிலேயே ஓட்டி வைத்திருந்தால் அந்தக் கேம் பிழைத்திருக்குமா, அண்ணே?

வியாசர்பாடியிலிருந்து:

நானும் இதையேதான் தம்பி அந்த மெக்கானிக்கிடம் கேட்டேன். தரையில் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துவது இன்னும் கெடுதல் என்றார். எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலில் சேரும். ஆயில் நன்றாகச் சூடாகி அந்த ஈரம் ஆவியாக வேண்டுமென்றால் மேலே ஏறி ஒரு மணி நேரமாவது பறக்க வேண்டும். பறக்க ஆளில்லாத விமானம் கெட்டுப்போவது இதனால்தான். நம் ஆட்கள் வாங்கிவிட்டு, மெடிக்கலுக்கும் அனுமதிக்கும் காத்திருக்கும் காலமும் இதே ஆபத்துதான்.

அக்கா மகன் அந்த 152ஐ வாங்கவில்லை. மெக்கானிக்குக்குக் கொடுத்த காசு போனது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. கிரீன் கார்டு இருந்தும் டிஎஸ்ஏ அனுமதிக்கு விண்ணப்பித்து, மெடிக்கல் முடித்து, வாடகை விமானத்தில் தொடங்கினான். தனியாகப் பறக்கும் நிலைக்கு வந்தபிறகு, அதே இன்ஸ்ட்ரக்டரிடம் படிக்கும் இன்னொருவரோடு சேர்ந்து நாலு சீட் செஸ்னா 172 வாங்கியிருக்கிறான். எடைப் பிரச்சினை தீர்ந்தது, லாக் புக்கில் மாதாமாதம் பறந்த கணக்கு இருக்கிறது. முன்கூட்டி வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கையில் மெடிக்கல், சம்மதித்த இன்ஸ்ட்ரக்டர், நிறுத்த ஒரு இடம் மூன்றும் இருப்பவர் தாராளமாக வாங்கலாம்.

அவனுக்கு மூன்றாவதுதான் இழுபறி. ஹேங்கர் என்ற விமானக் கொட்டகைக்கு வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு, விமானத்தை வெளியே கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறான். டெக்சாஸில் ஆலங்கட்டி மழை பெய்தால் இறக்கைத் தகடு நசுங்கிவிடும். அதற்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், மாணவர் என்பதற்காகப் பிரீமியம் எவ்வளவு ஏற்றினார்கள் என்று எழுதுங்கள். அவனுக்கு அனுப்பிவைக்கிறேன்.