விறகடுப்பு உண்மையிலேயே மிச்சமா?

உப்புவெளித் தம்பி:
மூன்று மாதமாக எங்கள் வீட்டில் சோறும் கறியும் பின்பக்கக் கொட்டிலில் விறகடுப்பில்தான். காஸில் தேநீரும் பிள்ளையின் பாலும் மட்டும். முன்பு 12.5 கிலோ சிலிண்டர் ஆறு கிழமைக்கு வரும். இந்தமுறை வாங்கியது இன்னும் முடியவில்லை. 2022 நெருக்கடியில் இலங்கையில் ஒரு சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனதையும், அந்த விலைக்கும் கிடைக்காமல் வெறும் சிலிண்டரோடு வரிசையில் விடிய விடிய நின்றதையும் எப்படி மறப்பது? காணிக்குள் பொச்சுமட்டையும் ஓலையும் சும்மா உக்கிப்போகின்றன. அடுப்பில் வைத்தால் காசு மிச்சம். காணி உள்ளவர்கள் எல்லோரும் இதற்கு மாற வேண்டும் என்பேன்.

பாலையூற்று அக்கா:
தம்பி, கோபிக்க வேண்டாம். அந்த அடுப்பை ஊதுவது யார்? என் அம்மா இருபது வருடம் ஊதுகுழலோடு குந்தியிருந்தவர். கண் எரியும், சேலைத் தலைப்பால் துடைப்பார், திரும்பவும் ஊதுவார். இப்போது மாரி தொடங்கினால் இழுப்பும் தொடங்கிவிடும். அவருடைய மருந்துச் செலவையும் சேர்த்து எழுதினால் உங்கள் மிச்சக் கணக்கு பிழையாகிவிடும். கரிச்சட்டி தேய்க்கிற நேரத்துக்கு எந்த வீட்டிலும் விலை போடுவதில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

உப்புவெளித் தம்பி:
அக்கா, காலை ஐந்தரைக்கு அடுப்பு மூட்டுவது நான். கொட்டில் மூன்று பக்கமும் திறந்தது, புகை தங்காது. ஆனால் மாலையில் நான் வேலையால் வர ஏழாகும், அப்போது மனைவிதான். அது உண்மை. சரி, விறகு வேண்டாமென்றால் வேறு என்ன வழி? தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தொட்டபோது சம்பளம் அசையவில்லையே.

பாலையூற்று அக்கா:
வழி சட்டிக்குள்ளேயே இருக்கிறது. கடலை, பயறு முதல்நாள் இரவே ஊறட்டும். சட்டியை மூடி அவியுங்கள், கொதி வந்ததும் நெருப்பைக் குறையுங்கள். கொதிக்கிற தண்ணீர் அதற்குமேல் சூடாகாது, வீணாகப் போவது காஸ்தான். தேங்காயிலும் அப்படித்தான். முதற்பாலைக் கறிக்கு எடுத்து வைத்துவிட்டு, தேங்காய்ப்பூவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இன்னும் இரண்டு தரம் பிழிகிறேன். அந்தக் கப்பிப்பாலில் கீரையோ பருப்போ அவிந்துவிடும். முன்பு நாளுக்கு ஒரு தேங்காய் போன வீட்டில் இப்போது பாதி போதும்.

கிண்ணியா நானா:
இருவரும் அடுப்படியிலேயே நிற்கிறீர்கள். கரண்ட் மீட்டரைப் பாருங்கள். மாதம் 60 அலகைத் தாண்டினால் தாண்டிய அலகுக்கு மட்டும் விலை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதல் 60 அலகின் விலையே மாறுகிறது, நிலையான கட்டணமும் ஏறுகிறது. 60 வாட் குண்டு பல்ப் தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 அலகு. 9 வாட் எல்.ஈ.டி. என்றால் ஒன்றரை அலகும் வராது. நான் கிழமைக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறேன். பிரிட்ஜையும் விற்றுவிட்டேன்.

பாலையூற்று அக்கா:
நானா, பல்ப் கணக்கு சரி. பிரிட்ஜை விற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த வெக்கையில் காலையில் வைத்த கறி இரவுக்குப் புளித்துவிடும். கொட்டுகிற கறியின் விலையையும் அந்தக் கொப்பியில் எழுதுகிறீர்களா?

கிண்ணியா நானா:
கொட்டுவதில்லை தங்கச்சி, அளவாகத்தான் சமைக்கிறோம். கடல் அமைதியான மாதங்களில் கரைவலை இழுக்கிற இடத்துக்கே போய்ச் சூடையும் சாளையும் மலிவாக வாங்குவேன். அன்றைக்குத் தேவையானது போக மிச்சத்தைக் குடல் எடுத்துக் கழுவி, உப்புப் போட்டுக் கூரைத் தகட்டில் காயவைப்போம். வாடைக் காற்றில் படகு இறங்காமல் மீன் விலை ஏறுகிற காலத்துக்கு அந்தக் கருவாடுதான். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டே பேர். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பிரிட்ஜ் வேண்டும், அதை மறுக்கவில்லை.

உப்புவெளித் தம்பி:
அக்கா, அடுப்பு ஊதுவதைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியை இரவு மனைவியிடம் கேட்டேன். இத்தனை நாளும் நான் கேட்கவேயில்லை. காலையில் விறகு பரவாயில்லை, மாலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊத முடியவில்லை என்றார். இன்றிலிருந்து மாலைச் சமையல் காஸில். சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.