தாத்தாவின் பச்சைப் பெட்டி (பினாங்குக் குடும்பக் குழு)

பெரிய மாமா: எல்லாரும் பசியாறியாச்சா? தாத்தா தன் பச்சைப் பெட்டியை யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்கிறார். கண் மங்கிவிட்டதாம். யாருக்கு வேண்டும்?

சித்தி: ஸ்பானர் பெட்டியா அண்ணே? ஒரு ஆளால் தூக்க முடியாதே!

தம்பி: என் ஃபிளாட்டில் வைக்க இடமில்லை மாமா. மெடல் இருந்தால் மட்டும் எனக்கு.

பெரிய மாமா: மெடலும் அதற்குள்தான், வாஷர் டப்பாவில் கிடக்கிறது. ஜூலை 31 வீரர் தினத்துக்குக்கூடக் குத்திக்கொள்ள மாட்டார். "நான் சுட்டதைவிட முடுக்கின நட்டுதான்டா அதிகம்" என்பார்.

அக்கா: தாத்தா சரவாக்கில் இருந்தது எப்போது மாமா?

பெரிய மாமா: 1965. இந்தோனேசியாவோடு மோதல் நடந்த சமயம். மறு வருஷம் ஆகஸ்டில் ஒப்பந்தம் ஆகும்வரை அங்கே ராணுவப் பட்டறையில் லேண்ட்ரோவர் பார்த்தார். வெயிலில் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடுமாம். ஈரத்துணியைச் சுற்றிவிட்டு ஒரு சுருட்டு பிடித்து முடித்தால் கிளம்பிவிடுமாம். சுருட்டு தேவையா என்று பாட்டி கேட்பார்கள்.

அக்கா: 1-3-4-2! நாலு சிலிண்டரும் பற்றும் வரிசை. வாய்ப்பாட்டுக்கு முன்னால் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தார் 😂

சித்தி: 2017 நவம்பர் வெள்ளத்தை மறக்க முடியுமா? விடிந்ததும் தாமானே, குடியிருப்பு முழுக்க, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நம் வாசலில் நின்றது. அப்பா போட்ட முதல் சத்தம், "ஒருத்தனும் உதைக்காதீங்கடா!"

தம்பி: ஏன் சித்தி?

சித்தி: சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்று மாதிரி சுருங்காது. ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு உதைத்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், பால் மாதிரி ஆன எண்ணெயை மாற்ற வேண்டும். மூன்று நாள் பார்த்தார். யாரிடமும் காசு வாங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் மட்டும் சொல்லாமல் இரண்டு டின் எண்ணெயை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா: அப்புறம், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் ஜெனரேட்டரை இந்த வருஷம் யார் பார்ப்பது?

பெரிய மாமா: அதுதான் விஷயமே. பெட்டியை எடுப்பவர் ஜெனரேட்டரையும் எடுக்க வேண்டுமாம். சனிக்கிழமை கார்ப்பரேட்டர் கழற்றுகிறார்.

தம்பி: சரி மாமா, வருகிறேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.

தாத்தா: 🎤 0:09

அக்கா: காதில் சரியாக விழவில்லை. என்ன சொல்கிறார்?

பெரிய மாமா: "பழைய சட்டை போட்டுக்கிட்டு வா. பெட்டியில பத்தாம் நம்பர் ஸ்பானரைக் காணோம், எடுத்தவன் கொண்டாந்து வைக்கணும்."

சித்தப்பா: சனிக்கிழமை நானும் வருகிறேன்.