நுவரெலியாவில் கிறிஸ்மஸ் லொக் கேக் சுருட்டும்போது வெடிக்குது, உருளைக்கிழங்கு கிராத்தான் நடுவில் வேகுதில்ல. என்ன செய்யலாம்?

மூடுபனி_நுவரெலியா:
இந்தக் கிறிஸ்மஸுக்கு ரெண்டு பிரெஞ்சு ஐட்டம்: பூஷ் த நொயெல் (லொக் கேக்), கிராத்தான் தொஃபினுவா (மெல்லிசா வெட்டின உருளைக்கிழங்கைப் பால்ல வேக வைக்கிறது). ரெண்டுலயும் சிக்கல்.

கேக்: 4 முட்டை, 120 கிராம் சீனி, 120 கிராம் மா. 30×40 சென்ரிமீட்டர் தட்டுல 180 பாகைக்கு 15 நிமிஷம். வெள்ளைக்கரு கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடிச்சது. சுருட்டும்போது குறுக்கால மூணு இடத்துல வெடிப்பு.

கிராத்தான்: 1 கிலோ உருளைக்கிழங்கு, வட்டமா வெட்டிக் கழுவினது, 700 மில்லி கொழுப்பு குறைஞ்ச பால், 180 பாகையில ஒரு மணித்தியாலம். மேல கருகுது, நடுவுல நறுக் நறுக்குனு இருக்கு, பாலும் திரிஞ்சு போகுது. 220க்குக் கூட்டினா இன்னும் மோசம். மேசை அவன், மேல கீழ ரெண்டு கம்பி மட்டும்தான்.

கறுவாப்பட்டை:
தங்கச்சி, ரெண்டுக்கும் முக்கிய காரணம் உயரம். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர். 300 மீட்டருக்கு ஒரு பாகைன்னு கொதிநிலை குறையுது, அதனால அங்க தண்ணி சுமார் 94 பாகையிலேயே கொதிச்சிரும். ஹட்டன், பண்டாரவளையில 96 கிட்ட வரும். பிரெஞ்சுக் குறிப்பு பெரும்பாலும் தாழ்வான ஊரை மனசுல வச்சு எழுதினது.

கேக்கை முதல்ல பார்ப்போம். காத்தழுத்தம் குறைஞ்ச இடத்துல முட்டை நுரை அவனுக்குள்ள அதிகமா ஊதும், ஈரமும் சீக்கிரம் ஆவியாகும். இறுக்கமா அடிச்ச வெள்ளைக்கரு அளவுக்கு மீறி ஊதி, பிறகு அமுங்கி, காய்ஞ்ச தாள் மாதிரி ஆயிரும். அதனால அடிப்பானைத் தூக்கினா நுனி வளைஞ்சு தொங்குற பதத்தோட நிறுத்துங்க. மா 100 கிராமுக்குக் குறைங்க, மஞ்சக்கரு ஒண்ணு கூடுதலா போடுங்க. மஞ்சக்கருவில உள்ள கொழுப்புதான் கேக்கை வளைய விடுது. உயரமான ஊர்ல சீனியைக் குறைக்கணும்னு சொல்லுவாங்க. உயரமான அச்சுல சுடுற கேக்குக்கு அது சரி. இங்க 110க்குக் கீழ இறக்காதீங்க, ஏன்னா ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறதே சீனிதான்.

பெரிய பிழை அந்த 15 நிமிஷம். ஒரு சென்ரிமீட்டர் தடிப்புக்கு 200 பாகையில 8 நிமிஷம் போதும். விரலால அமுக்கினா திரும்பி வரணும், நிறம் வெளிர் மஞ்சளா இருக்கும்போதே எடுக்கணும். உடனே ஈரத்துணி மேல கவிழ்த்து, சூட்டுத் தட்டை மேலேயே 5 நிமிஷம் விட்டா தன் ஆவியிலேயே இளகும். பேப்பரை உரிச்சு, நாலு ஓரத்துலயும் ஒரு சென்ரிமீட்டர் வெட்டி எறியுங்க. வெடிப்பு பெரும்பாலும் அந்த மொறுமொறு ஓரத்துலதான் தொடங்கும். பிறகு சூடா இருக்கும்போதே துணியோட சுருட்டி ஆற விடுங்க. விரிச்சதும் 100 மில்லி தண்ணி, 60 கிராம் சீனி காய்ச்சின பாகைத் தூரிகையால தடவுங்க.

தொஃபினே_சமையல்:
கிராத்தானுக்கு 220 ஏன் உதவல? துண்டுகளைச் சுத்திப் பால் இருக்கிற வரைக்கும் உள்ளே சூடு பாலோட கொதிநிலையைத் தாண்டாது. அவனைக் கூட்டினா பால் வேகமாக் கொதிச்சுத் திரியும், அவ்வளவுதான். கிழங்கு சீக்கிரம் வேகாது.

முதல்ல அடுப்புலேயே பாதிக்கு மேல வேக வைங்க. 1 கிலோ கிழங்கு, 2 மில்லிமீட்டர் தடிப்பு. 400 மில்லி முழு ஆடைப்பால், 300 மில்லி கிரீம், 10 கிராம் உப்பு, கொஞ்சம் துருவின சாதிக்காய். அகலமான சட்டியில மெல்லிய தீயில, ஓரத்துல மட்டும் குமிழி வர்ற மாதிரி 20 நிமிஷம். தாழ்வான ஊர்ல 12 போதும். கத்தி நுனி லேசான எதிர்ப்போட இறங்கணும். பிறகு வெள்ளைப்பூண்டு தேய்ச்சு வெண்ணெய் பூசின தட்டுல ஊத்தி, 160 பாகையில 50 நிமிஷம். மேல் கம்பி கிட்ட இருக்கிறதால முதல் 30 நிமிஷம் அலுமினியத் தாளால மூடுங்க. எடுத்ததும் 15 நிமிஷம் ஆற விட்டாத்தான் வெட்ட வரும்.

வெட்டின பிறகு கழுவாதீங்க. அந்த மாப்பசைதான் பாலைக் கெட்டியாக்கித் திரியாம காக்குது. கிழங்கை முழுசா இருக்கும்போது கழுவித் துடைச்சா போதும்.

லீக்ஸ்_தோட்டம்:
மேல சீஸ் போடலாமே? கடையில கிடைக்கிற செடார் போட்டா நிறம் நல்லா வரும். இன்னொண்ணு, கிரீமுக்குப் பதிலா பேக்கிங் கடை விப்பிங் கிரீம் சரிவருமா?

தொஃபினே_சமையல்:
சீஸ் உங்க விருப்பம், ஆனா அப்போ அதைத் தொஃபினுவான்னு சொல்ல முடியாது. சீஸும், பாலுக்குப் பதிலா சூப் தண்ணியும் போட்டுச் செய்றது பிரான்ஸ்ல தொஃபினேக்குப் பக்கத்துல இருக்கிற சவுவா பகுதிப் பாணி. தொஃபினே பகுதியோட பழைய முறையில கிழங்கும் பாலும் கிரீமும்தான். நல்ல கிரீம் இருந்தா அதுவே மேல பொன்னிறமாகும்.

பேக்கிங் கிரீம் விஷயத்துல பெட்டியோட பின்பக்கத்தை வாசிச்சுட்டு வாங்குங்க. ஐசிங்குக்கு விக்கிறதுல நிறைய தாவர எண்ணெயும் சீனியும் சேர்ந்தது. அதை ஊத்தினா இனிப்புக் கிழங்குதான் கிடைக்கும். பால் கிரீம் கிடைக்கலன்னா பசும்பாலைக் காய்ச்சி இரவு முழுக்க ஆற வச்சு, மேல படியுற ஆடையைச் சேர்த்துக்கலாம்.

மூடுபனி_நுவரெலியா:
ரொம்ப நன்றி. கேக்குக்குள்ள வெண்ணெய்க் கிரீம் வைக்கணும். அதுக்குச் சீனிப்பாகு 115 பாகைச் சூட்டுக்கு வரணும்னு எழுதியிருக்கு, போன தடவை அந்தச் சூட்டுல கல்லு மாதிரி உருண்டுச்சு. இதுக்கும் உயரம்தானா?

கறுவாப்பட்டை:
ஆமா. தேர்மோமீட்டரைக் கொதிக்கிற தண்ணியில வச்சுப் பாருங்க. 94 காட்டினா, எந்தப் பாகு அளவுலயும் 6 பாகை கழிச்சிருங்க. 115 உங்களுக்கு 109. சந்தேகமா இருந்தா ஒரு சொட்டைக் குளிர் தண்ணியில விட்டு விரலால உருட்டுங்க. மெத்துன்னு உருண்டு, அமுக்கினா தட்டையாகணும்.

4 மஞ்சக்கரு, 120 கிராம் சீனி, 40 மில்லி தண்ணி, 200 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 120 கிராம் உருக்கி ஆற விட்ட கறுப்புச் சொக்லேட். மஞ்சக்கருவை அடிச்சுக்கிட்டே பாகை மெல்லிய தாரையா ஊத்தி, கிண்ணம் கையில சூடு தெரியாத வரைக்கும் அடிச்சிட்டு வெண்ணெயைத் துண்டு துண்டா சேருங்க. டிசம்பர் இரவுல உங்க குசினியில வெண்ணெய் கல்லா இருக்கும், அப்படியே போட்டா திப்பித் திப்பியாப் பிரியும். பிரிஞ்சா கொட்டிராதீங்க, கிண்ணத்தை வெந்நீர் மேல 10 விநாடி வச்சு மறுபடி அடிச்சா சேர்ந்துரும். மார்ஜரின் வேண்டாம், வாயில மெழுகு மாதிரி ஒட்டும்.

மேல அலங்காரத்துக்கு மெரேங் காளான் (வெள்ளைக்கருவும் சீனியும் அடிச்சு, காளான் மாதிரி சுட்டது) வைக்கிறதா இருந்தா, காத்துப் புகாத டின்ல போட்டு வச்சு, பரிமாறுற நேரத்துலதான் ஒட்டணும். உங்க ஊர் மூடுபனியில ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே பிசுபிசுத்துரும்.

லீக்ஸ்_தோட்டம்:
கிராத்தான் தட்டோட அடியில லீக்ஸ் போடுறதும் நல்லா இருக்கும், சந்தையில புதுசாக் கிடைக்குதே. 500 கிராம் லீக்ஸ், வெள்ளையும் இளம்பச்சையும் மட்டும். நீளவாக்குல பிளந்து ஓடுற தண்ணியில இலை இலையா விரிச்சுக் கழுவுங்க, மண் உள்மடிப்புலதான் நிக்கும். மெல்லிசா வெட்டி, 30 கிராம் வெண்ணெய், கால் தேக்கரண்டி உப்பு போட்டு, மூடி மெல்லிய தீயில 25 நிமிஷம். நிறம் மாறக்கூடாது. அடியில தண்ணி நின்னா மூடியைத் திறந்து வத்த விட்ட பிறகுதான் கிழங்கை மேல அடுக்கணும்.