ஆண்டுக் கணக்கு நேராகும் வீட்டுக்கு என்ன பெயர்?

மதுரை, கட்டடவியல் விரிவுரையாளர் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டியிருக்கிறது. வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் நூறாண்டு கடந்த முற்றத்து வீடு ஒன்று இருக்கிறது. அதை இடிக்காமல் பழுதுபார்த்து, ஓர் ஆண்டில் தனக்குச் செலவாகும் ஆற்றல் முழுவதையும் தன் மொட்டைமாடியிலேயே உண்டாக்கிக்கொள்ளும் வீடாக மாற்ற உரிமையாளர்கள் முனைந்திருக்கிறார்கள். எங்கள் பட்டயப் படிப்பு மாணவர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். அவர்களுக்கும் அங்கு வேலை செய்யும் கொத்தனார்களுக்கும் ஒருசேரப் பயன்படும்படி ஒரு சிறு கையேடு எழுதி முடித்திருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தலைப்புச் சொல் மட்டும் அகப்படவில்லை.

நாளிதழ்கள் 'நிகர பூஜ்ஜியம்' என்று எழுதுகின்றன. 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பிரதமர் 2070ஆம் ஆண்டை இந்தியாவின் இலக்காக அறிவித்ததிலிருந்து அந்தத் தொடர் நன்றாகப் பரவிவிட்டது. ஆனால் அங்கே பேசப்பட்டது கரிம உமிழ்வு. இங்கே பேச்சு ஒரு வீட்டின் ஆற்றல் கணக்கைப் பற்றியது. அட்டையில் 'நிகர பூஜ்ஜிய ஆற்றல் வீடு' என்று எழுதிக் காட்டியபோது, காரை குழைத்துக்கொண்டிருந்த மூத்த கொத்தனார் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்ப ராத்திரி லைட்டுப் போட மாட்டாங்களா சார்?" என்று கேட்டார். சொல்லைப் பார்த்தால் அப்படித்தான் கேட்கத் தோன்றும். இந்த வீட்டில் மின்விசிறி ஓடும், கிரைண்டர் ஓடும், இரவில் மின்வாரியக் கம்பியிலிருந்து மின்சாரம் உள்ளே வரும், பகலில் சூரியத் தகடுகள் தருவதில் மிஞ்சியது வெளியே போகும். ஆண்டு முடிவில் வந்ததும் போனதும் சரியாக இருக்க வேண்டும். அதைச் சொல்லும் ஒரு சொல் தாருங்கள்.

மேலூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

விரிவுரையாளர் அவர்களுக்கு. பூஜ்ஜியம் வடசொல் என்பதோடு, வழிபடத்தக்கது என்ற பொருளுடையது. அது இன்மையைக் குறிக்கும் எண்ணுக்குப் பெயராக வந்த கதையைப் பலர் பலவாறு சொல்வர். நமக்கு அது வேண்டியதில்லை. வைகைக்கு வாழ்த்துப் பாடிய பரிபாடலின் மூன்றாம் பாட்டிலேயே, திருமாலைப் போற்றும் இடத்தில் பாழ், கால், பாகு, ஒன்று, இரண்டு என்று தொடங்கி எட்டு, தொண்டு என்று முடியும் எண் வரிசை உள்ளது. தொண்டு என்பது ஒன்பது; பாழ் என்பது எண் ஏதுமில்லாத நிலை. பழந்தமிழ் எண்குறிகளில் சுழிக்குத் தனி வடிவம் இல்லை, பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. ஆனால் குறி இல்லை என்பதால் கருத்தே இல்லை என்றாகிவிடாது என்பதற்கு இப்பாட்டே சான்று. ஆகவே 'நிகர்பாழ் ஆற்றல்' என்ற தொடரை முன்வைக்கிறேன்.

சோழவந்தான், கணக்கர் எழுதியது:

அம்மா, தங்கள் சான்று அருமை. ஆனால் நூறாண்டு பழைய வீட்டின் வாசலில் 'பாழ்' என்று எழுதிவைத்தால், அதைப் படிப்பவர்கள் மாநகராட்சி ஒட்டிய இடிப்பு அறிவிப்பு என்றே நினைப்பார்கள்.

மதுரை, மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

சூனியம் என்று யாராவது எழுதுவதற்கு முன் நான் முந்திக்கொண்டு மறுத்துவிடுகிறேன்; வீட்டுக்குச் சூனியம் வைத்த கதையாகிவிடும். என் பரிந்துரை 'சுழி'. பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கும் நமக்கு அதில் அந்நியம் ஏதுமில்லை. ஆகவே 'நிகரச் சுழி ஆற்றல்'.

மேலூர், தமிழாசிரியை எழுதியது:

சுழி எனக்கு உடன்பாடு. ஆனால் 'நிகரச் சுழி' என்று ஒற்று மிகுத்து எழுதியிருக்கிறீர்கள். இதைச் சும்மா விட முடியாது. நிகர் என்பது ஒப்பு என்னும் பொருளுடைய நல்ல தமிழ்ச் சொல். அதனோடு அகரம் சேர்ந்து நிகர என்றானால் அது குறிப்புப் பெயரெச்சம். பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகாது. நல்ல பையன், பெரிய கடை என்கிறோம். நல்லப் பையன் என்பதில்லை. எனவே 'நிகர சுழி' என்பதே முறை.

மதுரை, மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அம்மா, நிகர லாபம், நிகர எடை என்பவற்றில் உள்ள நிகர, ஒப்பு என்னும் பொருளில் வரவில்லையே. நிகர எடை என்றால் சாக்கின் எடையைக் கழித்தபின் நிற்பது. அதில் எதற்கு எது ஒப்பு? நிகரம் என்ற வடசொல்லுக்குக் குவியல், தொகுதி என்று பொருள். அதிலிருந்து மொத்தம் என்றாகி, பின்பு கழித்து நிற்கும் தொகை என்றானது என்று கொள்வதே பொருந்துகிறது. நிகரம் பெயர்ச்சொல் என்றால், மரமும் பெட்டியும் சேர்ந்து மரப்பெட்டி ஆவதைப் போல, மகரம் கெட்டு வல்லினம் மிகும். ஆகவே நிகரச் சுழி.

மேலூர், தமிழாசிரியை எழுதியது:

அப்படியென்றால் பூஜ்ஜியத்தை வடசொல் என்று தள்ளிவிட்டு நிகரத்தைக் கொண்டுவந்து அமர்த்தியிருக்கிறோம் என்றாகிறது. குவியல் என்ற பொருளுடைய சொல்லைச் சுழிக்கு அடைமொழியாக்குவது எந்த வகையில் சேர்த்தி? நான் ஒரு படி மேலே போகிறேன். சுழியே வேண்டாம். நிகர் என்றாலே சமம். உண்டாக்கியதும் செலவழித்ததும் சமம் என்பதுதானே விரிவுரையாளர் சொல்ல விரும்புவது? 'நிகராற்றல் வீடு' என்று நறுக்கென்று முடிந்துவிடும்.

ஆற்றல் என்ற சொல்லின் அழகையும் இங்கே சொல்லியாக வேண்டும். பசியாற்றலை வலியாரின் ஆற்றலாகச் சொல்லும் குறளில் ஆற்றல் என்பது வலிமை, பொறுத்தல் ஆகிய இரண்டுமாகிறது. தணித்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. நாம் பாலை ஆற்றுகிறோம், காப்பியை ஆற்றுகிறோம்; சூடு தணிவது ஆறுதல். சித்திரை வெயிலில் ஒரு வீட்டை ஆற்றுவதுதான் இந்தப் பணியின் பாதி என்றால், இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் கிடைக்கும்?

திருமங்கலம், மின்பொறியாளர் எழுதியது:

அம்மாவிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவன் என்ற உரிமையோடு மறுக்கிறேன். பாடநூல்களில் நிகர விசை என்றால் எதிரெதிர் விசைகளைக் கழித்தபின் நிற்பது. அது ஐந்தாகவும் இருக்கலாம், ஐம்பதாகவும் இருக்கலாம். அதே வழியில் நிகராற்றல் என்பதை மாணவர் கழித்து நின்ற ஆற்றல் என்றுதான் படிப்பார். அது சுழி என்பது அவருக்குத் தெரியாது. சுழியை விட முடியாது.

மூன்று செய்திகளைப் பிரித்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 'பூஜ்ஜியம்' என்றதும் மக்கள் நினைப்பது மின்கட்டணத்தை. இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்பதால், ஒரு சூரியத் தகடும் இல்லாத வீட்டுக்கும் கட்டணம் பூஜ்ஜியமாக வரலாம். நாம் சொல்வது யூனிட் கணக்கு. ரூபாய்க் கணக்கு வேறு. அடுத்து, தனிமடலில் ஒருவர் கேட்ட 'தன்னிறைவு'. அது மின்வாரிய இணைப்பே இல்லாமல், மின்கலத்தில் சேமித்துப் பிழைக்கும் வீட்டுக்குப் பொருந்தும். இந்த வீடோ இரவில் வாரியத்திடம் வாங்கி, பகலில் திருப்பித் தரும். சித்திரை வைகாசியில் விசிறிகள் இரவு பகலாக ஓடும். ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடித் தகடுகளின் விளைச்சல் குறையும். அதனால்தான் மாதக் கணக்கு பார்க்காமல் ஆண்டுக் கணக்கு பார்க்கிறோம்.

மூன்றாவதுதான் யாரும் தொடாதது. சமையலறையில் எரிவாயு இருக்கிறதா? 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் அடங்கியிருக்கிறது. ஆற்றல் என்று தலைப்பில் போட்டால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லையென்றால் மின்சாரம் என்று மட்டுமே எழுத வேண்டும். நம் பகுதியில் 1 கிலோவாட் தகடு ஆண்டுக்கு 1,400 முதல் 1,500 யூனிட் தரும். அதற்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். மின்செலவு மட்டும் ஆண்டுக்கு 2,800 யூனிட் என்றால் 2 கிலோவாட் போதும். மாதம் ஒரு சிலிண்டர் என்று எரிவாயுவையும் கூட்டினால் அதே வீட்டுக்கு இன்னும் 2,000 யூனிட்டுக்கு மேல் விளைய வேண்டும். சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் மொட்டைமாடியின் அளவே மாறிவிடுகிறது.

சோழவந்தான், கணக்கர் எழுதியது:

கணக்கு என்று வந்துவிட்டதால் என் தொழிலின் சொல்லைத் தருகிறேன். பற்றும் வரவும் சரியாக நிற்கும்போது 'கணக்கு நேராகிவிட்டது' என்போம். கடைவீதியில் யாரிடம் சொன்னாலும் புரியும். 'நேராற்றல்' என்று வைத்துக்கொள்ளலாம். அது பிடிக்கவில்லையென்றால் 'ஈடாற்றல்'; ஒன்றுக்கு ஒன்று ஈடு.

திருமங்கலம், மின்பொறியாளர் எழுதியது:

தகடுகளிலிருந்து வருவது நேர்மின்னோட்டம். அதை மாறுமின்னோட்டமாக மாற்றித்தான் வீட்டுக்குத் தருகிறோம். அந்த இடத்திலேயே நேராற்றல் என்று எழுதினால், என் துறை மாணவர்கள் அத்தனை பேரும் தவறாகப் படிப்பார்கள்.

காரைக்குடி, பழைய வீடுகளைச் செப்பனிடுபவர் எழுதியது:

ஈடு என்பதை என் தொழிலில் இருப்பவர்கள் கையாலும் தொட மாட்டார்கள். வில்லங்கச் சான்றில் ஈடு என்று ஒரு வரி இருந்தால் அந்த வீட்டை வாங்க ஆள் வராது. ஈடாற்றல் வீடு என்றால் அடமானத்தில் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

இத்தனை பேரும் தகட்டையும் மீட்டரையும் பற்றியே எழுதுகிறீர்கள். அந்த வீட்டு மாடி மெட்ராஸ் டெரஸாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்: தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைத் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்த தளம். அப்படிப்பட்ட தளத்தில் தகட்டுச் சட்டத்துக்காகத் துளை போட்டால் அடுத்த மழைக்கே உத்தரத்தில் நீர் இறங்கும். சட்டத்தின் கால்களைச் சுவர் வரிசையின் மேல் நிறுத்தி, காற்றுக்குத் தூக்காமலிருக்க எடை வைக்க வேண்டும். பிற்காலத்தில் யாராவது மேலே சிமெண்டு பூசியிருந்தால் முதலில் அதை உரித்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தை அரிக்கும். முற்றத்தின் மேல் போட்ட தகரத்தை எடுத்துவிட்டாலே சூடு மேலே போய்விடும், பாதி விசிறிக்கு வேலை குறையும். 75 வாட் விசிறியை மாற்றி 30 வாட் அளவில் ஓடும் புதிய விசிறி போடுவது அதற்குப் பிறகு. இவ்வளவும் செய்து செலவைக் குறைத்த பின்தான் தகட்டின் பேச்சே வர வேண்டும். நீங்கள் வைக்கும் சொல்லில் செலவுச் சுருக்கம் தெரிகிறதா? உற்பத்தி மட்டும்தான் தெரிகிறது.

மேலூர், தமிழாசிரியை எழுதியது:

காரைக்குடி நண்பர் சொன்னதை வள்ளுவர் ஒன்றே முக்கால் அடியில் முடித்துவிட்டார். வரும் வழி சிறிதானாலும் கேடில்லை, போகும் வழி அகலாதிருந்தால் போதும் என்பது வலியறிதலில் உள்ள குறள். ஆகாறு, போகாறு என்பவை அவர் ஆளும் சொற்கள். மீட்டரில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இவற்றையே வைக்கலாம் அல்லவா?

திருமங்கலம், மின்பொறியாளர் எழுதியது:

இருவழி மீட்டரில் இரண்டு அளவுகள் தனித்தனியாக ஓடும். ஆகாறு எது, போகாறு எது என்பதில் வாரியத்துக்கும் வீட்டுக்காரருக்கும் எதிரெதிர்ப் பொருள் வரும், அம்மா. வாரியத்துக்குப் போகாறாக இருப்பது வீட்டுக்கு ஆகாறு.

மதுரை, விரிவுரையாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இடையில், கூரை வெப்பத்துக்கு அரசு விதி ஏதும் உண்டா என்ற ஐயத்தையும் தீர்த்துவிடுகிறேன். புதிய குடியிருப்புக் கட்டடங்களுக்கான 2018ஆம் ஆண்டு மைய அரசு விதித்தொகுப்பு, கூரை வழியே வெப்பம் கடக்கும் வீதம் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்கு 1.2 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. பழைய வீட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனால் மாணவர்கள் அளந்து ஒப்பிட அது நல்ல அளவுகோல். அத்தொகுப்புக்கு 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று பெயர். நம் சொற்போரைப் பார்த்த பிறகு, பாதி ஆங்கிலமும் பாதி வடமொழியுமான அப்பெயரை எந்தக் குழு எத்தனை நாள் விவாதித்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

சொல்லுக்கு வருகிறேன். 'சுழி' என்று சொல்லிப் பார்த்தபோது கொத்தனார், மாட்டுச் சுழியா என்று கேட்டார். அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரர், காளை வாங்கும்போது சுழி பார்த்துப் பழகியவர். எண்ணில் வரும் சுழி என்றதும் ஒப்புக்கொண்டார். எரிவாயு பற்றியும் விசாரித்தேன். வீட்டில் இருக்கும் மூத்த அம்மாள் இண்டக்ஷன் அடுப்பு ஆகாது என்று உறுதியாக இருக்கிறார். அடுப்பு எரிவாயுவில்தான் எரியும். எனவே ஆற்றல் என்று எழுத எனக்கு உரிமையில்லை. கருத்துச் சொன்னவர்களில் மூவர் நிகரச் சுழிக்கு இசைந்திருக்கிறார்கள். இருவர் இசையவில்லை, ஆனால் வேறு சொல்லையும் வற்புறுத்தவில்லை. அட்டையில் 'நிகரச் சுழி மின் வீடு' என்றும், அதன் கீழேயே 'ஓர் ஆண்டு மின்வரவும் மின்செலவும் நேராகும் பழைய வீடு' என்றும் போடுகிறேன். செலவைச் சுருக்குவது முதல் இயலாகவும் தகடு பொருத்துவது கடைசி இயலாகவும் வரும்.

காரைக்குடி, செப்பனிடுபவர் எழுதியது:

இயல் வரிசையில் எனக்கு மகிழ்ச்சி. சொல் எதுவாயினும் சரி.

திருமங்கலம், மின்பொறியாளர் எழுதியது:

மின் என்று மாற்றியதற்கு நன்றி. அந்த அம்மாள் மனம் மாறி எரிவாயுவை விடும் நாளில் ஆற்றல் என்று திருத்திக்கொள்ளலாம். அப்போது மாடியில் இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மேலூர், தமிழாசிரியை எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் சகர ஒற்றோடு அச்சிடுவதன் மூலம் நிகரம் என்னும் வடசொல்லையே மூலமாக ஏற்றுக்கொண்டோம் என்று ஆகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை என்பதை இக்குழுவின் பதிவில் நிறுத்திவையுங்கள். இரண்டாம் பதிப்பு வருமானால் 'நிகர சுழி' என்று ஒற்றின்றி அச்சிட வேண்டும் என்று மீண்டும் எழுதுவேன்.