ஒரே வேக்யூம் பம்பில் இலையும் ரெசினும்: இலை பாதிதான் நனைகிறது, ஏன்?

தரமணி_தாவரம்:
வணக்கம். 5 வார நிகோஷியானா பெந்தமியானா (புகையிலை இனம்) செடிகளைத் தலைகீழாக, ஜீனைச் செடிக்குள் கொண்டுபோகும் அக்ரோபாக்டீரியம் பாக்டீரியாக் கரைசலில் முக்கி, டெசிகேட்டரில் (காற்றுப்புகாத மூடிய பாத்திரம்) வேக்யூம் கொடுக்கிறோம். சிரிஞ்ச் முறை நன்றாகவே வருகிறது. ஆனால் 40 செடிக்கு இலை இலையாகச் செலுத்தினால் விரல் வீங்கிவிடும். வேக்யூம் கேஜ் 28.5 அங்குலம் (பாதரச அளவு) காட்டுகிறது. 5 நிமிடம் வைத்துவிட்டு மெதுவாகக் காற்றை விடுகிறோம். இலையில் பாதிதான் கரும்பச்சையாக நனைகிறது, மறுநாள் ஓரங்கள் துவண்டு கருகுகின்றன. 4ஆம் நாள் ஜிஎஃப்பி (செலுத்திய ஜீன் தரும் ஒளிரும் புரதம்) திட்டுத்திட்டாகத்தான் ஒளிர்கிறது. அறை வெப்பம் 32 டிகிரி. இதே பம்பில்தான் பக்கத்து லேபில் ரெசின் இன்ஃப்யூஷனும் (பைக்குள் வைத்த ஃபைபரில் வேக்யூமால் ரெசினை ஏற்றுவது) நடக்கிறது. இன்னும் ஆழமான வேக்யூம் வேண்டுமா?

இலைத்துளை:
வேண்டாம், இப்போதே அதிகம். சென்னை கடல்மட்டத்தில் இருப்பதால் காற்றழுத்தம் ஏறத்தாழ 29.9 அங்குலம். கேஜ் 28.5 என்றால் உள்ளே மிச்சம் 1.4 அங்குலம், அதாவது சுமார் 48 மில்லிபார். 32 டிகிரியில் தண்ணீர் கொதிப்பதும் ஏறக்குறைய அதே அழுத்தத்தில்தான். நீங்கள் பார்க்கும் குமிழி எல்லாம் இலையிலிருந்து வரும் காற்று இல்லை, கரைசலே கொதிக்கிறது. இலைக்குள் இருக்கும் நீரும் ஆவியாகித் திசுவைக் கிழிக்கும். ஓரம் கருகுவதற்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

வேக்யூம் கரைசலை உள்ளே இழுப்பதில்லை, செல்களுக்கு இடையே இருக்கும் காற்றை வெளியேற்றி இடம் செய்கிறது, அவ்வளவுதான். வால்வைத் திறக்கும்போது வெளிக்காற்றுதான் கரைசலை உள்ளே தள்ளுகிறது. 27 அங்குலத்தில் உள்ளே 100 மில்லிபார். பத்தில் ஒன்பது பங்கு காற்று போய்விடும், அது போதும். 1 நிமிடம் வைத்து வால்வைச் சட்டென்று திறங்கள். நனையாத இடம் இருந்தால் இன்னொரு முறை. திறக்கும்போது எல்லா இலையும் கரைசலுக்குள் முழுகி இருக்க வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலை காற்றைத்தான் திரும்ப உறிஞ்சும்.

நனையாததற்கு மூடிய இலைத்துளையும் காரணமாகலாம். முதல் நாள் நன்றாக நீர் ஊற்றுங்கள், காலையில் ஓரிரு மணி நேரம் வெளிச்சத்தில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். வாடிய செடியை என்ன செய்தாலும் நனைக்க முடியாது. கரைசல் இலையில் பரவ உதவும் சில்வெட் எல்-77 சேர்த்தால் 0.01 சதவீதம் போதும். கூடினால் இலை வெந்த மாதிரி ஆகும்.

அம்பத்தூர்_ஃபைபர்:
ரெசின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே கதைதான், ஒரு வித்தியாசம் உண்டு. இலைக்கு வேக்யூமைத் திறந்துவிட்டால்தான் திரவம் ஏறும். இன்ஃப்யூஷனில் ரெசின் வாளி வெளிக்காற்றில் இருக்கும், பைக்குள் வேக்யூம் நிற்கும். ஜெல் ஆகும்வரை விடவே கூடாது. விட்டால் பை தளர்ந்து ஃபைபர் அழுத்தம் போய்விடும். ஸ்டைரீன் உள்ள பாலியெஸ்டர், வினைல் எஸ்டருக்கும் மிக ஆழமான வேக்யூம் ஆகாது, ஸ்டைரீன் கொதித்துக் குமிழி விழும்.

பம்ப் விஷயத்தில்தான் உங்களுக்கும் ரெசின்காரருக்கும் தகராறு வரப்போகிறது. ஆயில் பம்ப் என்றால், இலை வேலையின் நீராவி ஆயிலில் கலந்து பால் மாதிரி வெளுக்கும். அப்புறம் பம்ப் ஆழமாக இழுக்காது. மறுநாள் ரெசின்காரர் லீக் எங்கே என்று சீலண்ட் டேப்பை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டிருப்பார். பம்பின் கேஸ் பேலஸ்ட் வால்வைத் (சிறிது காற்றை விட்டு நீராவியை வெளியேற்றுவது) திறந்து, வேலைக்கு முன்பும் பின்பும் 20 நிமிடம் பம்பைச் சும்மா ஓட விடுங்கள். ஆயில் வெளுத்துவிட்டால் மாற்றுவதுதான் வழி. ரெசின் உள்ளே போனால் பம்பே போச்சு, ஆகவே வழியும் ரெசினைப் பிடிக்கும் கேட்ச் பாட் இல்லாமல் அவர்கள் ஓட்டக் கூடாது. உங்கள் பக்கம் ஒரு சிலிக்கா ஜெல் குடுவை, 0.2 மைக்ரான் ஹைட்ரோஃபோபிக் (நீர் ஒட்டாத) ஃபில்டர். பாக்டீரியா நுரை பம்புக்குள் போக வேண்டாமே.

தரமணி_தாவரம்:
நன்றி. 27க்கு இறக்கிவிடுகிறோம். கரைசல் ஓடி (பாக்டீரியா அடர்த்தி அளவு) 1.0, ராத்திரி எல்பி ஊடகத்தில் வளர்த்த கல்ச்சரையே நீர்த்துப் பயன்படுத்துகிறோம். செடிகள் பிறகு மொட்டை மாடி நிழல்வலையில்.

இலைத்துளை:
இரண்டுமே தப்பு. கல்ச்சரை 4000 ஜியில் 10 நிமிடம் சுழற்றி, எல்பியையும் அதிலுள்ள ஆன்டிபயாட்டிக்கையும் கொட்டிவிட்டு பஃபரில் கலக்குங்கள். 1 லிட்டருக்கு எம்இஎஸ் 1.95 கிராம், மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 2.03 கிராம், பிஎச் 5.6. பாக்டீரியாவைத் தூண்டும் அசிட்டோசிரிங்கோனின் 100 மில்லிமோலார் ஸ்டாக்கை டிஎம்எஸ்ஓவில் கரைத்து வைத்து, அதில் 1.5 மில்லி கடைசியில் சேருங்கள். 2 முதல் 3 மணி நேரம் அறையில் ஊறட்டும். ஓடி 0.5 போதும், கூடினால் இலை மஞ்சளாகும்.

மாடிதான் பெரிய குற்றவாளி. 29 டிகிரிக்கு மேலே அக்ரோபாக்டீரியத்தின் பைலஸ் (செடியைத் தொடும் மயிர் போன்ற உறுப்பு) சரியாக உருவாகாது, டி-டிஎன்ஏ (செலுத்த வேண்டிய ஜீன் துண்டு) செடிக்குள் போகாது. கத்திரி வெயிலில் நிழல்வலை எந்த மூலைக்கு? ஏசி அறையில் 22 முதல் 24 டிகிரி, முதல் இரண்டு நாளாவது கட்டாயம். செடி புதிய ஜீனை அடக்குவதைத் தடுக்கும் பி19 கட்டமைப்பைக் கூடச் சேர்த்தால் 5ஆம் நாள் ஒளிர்வு மங்காது. மீந்த கரைசலை ஆட்டோக்ளேவ் பண்ணாமல் சிங்க்கில் ஊற்றாதீர்கள்.

அம்பத்தூர்_ஃபைபர்:
ஒன்று விட்டுப்போச்சு. டெசிகேட்டர் பிளாஸ்டிக் என்றால் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அசிட்டோனால் துடைத்த அக்ரிலிக் மூடியை எங்கள் ஆட்கள் இரவல் கொடுத்தால் வாங்காதீர்கள், வெடிக்கும்.