தட்டான் வெயிலில் நிமிரும் நிலைக்கு ஒரு சொல்

கையேட்டின் தொகுப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தும்பிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது; ஒரு சொல் மட்டும் அகப்படவில்லை. உச்சி வெயிலில் கோரை நுனியைப் பற்றிக்கொண்டு, பின்னுடலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும் தட்டானைப் பார்த்திருப்பீர்கள். வெயில் படும் பரப்பைக் குறைத்து, உடல் சூடேறாமல் காத்துக்கொள்ளும் வழி அது. எகிப்தின் ஒற்றைக்கல் தூணை வைத்து ஆங்கிலத்தில் ‘ஒபெலிஸ்க்’ நிலை என்கிறார்கள். ‘தூண் நிலை’ என்று எழுதியிருக்கிறேன், மனம் நிறையவில்லை.

தமிழாசிரியர்:
தூண் என்றால் மேலே ஒரு பாரம் இருக்க வேண்டும். தட்டான் எதையும் தாங்கவில்லை. தனியே ஓங்கி நிற்கும் கல்லை அகநானூறு ‘பிறங்குநிலை நடுகல்’ என்கிறது. பிறங்குதல் உயர்தலையும் ஒளிர்தலையும் குறிக்கும். மலைக்குப் ‘பிறங்கல்’ என்ற பெயரும் உண்டு. வெயிலில் மின்னிக்கொண்டு நிமிரும் பூச்சிக்கு இரு பொருளும் பொருந்துவதால், ‘பிறங்குநிலை’ என்றே வைக்கலாம்.

அறிவியல் ஆசிரியை:
ஐயா, சொல் அழகானது. ஆனால் குளக்கரையில் நிற்கும் பிள்ளைக்கு உரை சொல்ல ஒருவர் உடன் போக வேண்டியிருக்கும். ‘குத்துக்கல் நிலை’ என்றால் உடனே விளங்கும்.

தமிழாசிரியர்:
அம்மா, ‘குத்துக்கல்லுக்கு வெயிலென்ன, மழையென்ன’ என்பது நம் பழமொழி. வெயிலுக்காகவே நிமிரும் உயிருக்கு, வெயிலே உறைக்காத கல்லின் பெயரைச் சூட்டலாமா?

தும்பி நோக்கும் நண்பர்:
ஐயா சொல்வது சரி. சென்ற மாதம் ஏரிக்கரையில் ஒரு சிவப்புத் தட்டானின் மேல் குடை நிழல் விழும்படி மெல்ல நகர்ந்தேன். சற்று நேரத்தில் பின்னுடல் தாழ்ந்தது, நிழலை விலக்கியதும் மறுபடி எழுந்தது. ஆயினும் ‘வெயில்காப்பு நிலை’ என்று காரணத்தைப் பெயரில் ஏற்ற வேண்டாம். ஆண் தும்பிகள் தம் இடத்துக்குள் நுழையும் எதிராளியை மிரட்டவும் பின்னுடலை உயர்த்துவதுண்டு. கண்டதை மட்டும் சொல்லும் ‘வால்நிமிர் நிலை’ போதும்.

தமிழாசிரியர்:
வினைத்தொகை என்பதால் முக்காலத்துக்கும் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் நிமிர்தல் தன்வினை. இங்கே தட்டானே நிமிர்த்துகிறது. தவிர, அது வாலன்று. பத்துக் கணுக்கள் கொண்ட வயிறு. கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் தலை, மார்பு, வயிறு என்று உறுப்புகளைக் கற்பித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் நாமே வால் என்று எழுதலாமா?

அறிவியல் ஆசிரியை:
வயிறு என்றால் பிள்ளைகள் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். வால் என்று சொன்னால் கண் சரியான இடத்துக்குப் போகும். என் வாக்கு ‘வால்நிமிர் நிலை’க்கே.

கையேட்டின் தொகுப்பாளர்:
நாளை காலை கோப்பை அனுப்பியாக வேண்டும். மூவர் ஒத்துப்போவதால் ‘வால்நிமிர் நிலை’ என்றே இடுகிறேன். வால் எனப்படுவது வயிற்றுப் பகுதியே என்று படத்தின் கீழ் ஒரு வரி சேர்த்துள்ளேன்.

தமிழாசிரியர்:
அந்த வரிக்கு நன்றி. சொல்லை நான் இன்னும் ஏற்கவில்லை. ‘பின்னுடல் உயர்நிலை’ என்பதை அடுத்த பதிப்புக்காவது குறித்து வையுங்கள்.